தேடுவது கொழும்பில், வெற்றிடம் முல்லைத்தீவில்

அம்மாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருக்கால் கிளினிக். விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டுப் போய், நம்பர் எடுத்து, வாங்கில் குந்தியிருந்தால் பத்து மணிக்குப் பிறகு கூப்பிடுவார்கள். போன தடவை நம்பர் எடுத்து, வாங்கிலும் இருந்து முடிஞ்ச பிறகுதான் மிஸி வந்து சொன்னா: "பெரிய டொக்டர் இனி வரமாட்டார். இண்டைக்குப் பழைய மருந்தையே எழுதித் தருவினம். புது ஆள் வந்தால் திகதி சொல்லுவம்." புது ஆள் எப்ப வருவார் என்று ஒரு ஐயா கேட்டார். மிஸி சிரிச்சா. அந்தச் சிரிப்பு வாங்கில் இருந்த எல்லாருக்கும் விளங்கினது.

பின்னேரம் அங்கே வேலை செய்கிற ஒரு நண்பனிடம் கதைச்சேன். உங்களுக்கு இது முதலே தெரியாதா என்று கேட்டேன். "ஒரு வருஷத்துக்கு முதலே வார்டில எல்லாருக்கும் தெரியும் மச்சான். அவர் இங்கிலிஷ் சோதனைக்கு லீவு கேட்ட அண்டைக்கே தெரியும்" என்றான்.

அந்த டொக்டர் போனதைப் பிழை என்று எழுத எனக்கு மனமில்லை. இலவசக் கல்வியில் படிச்சிட்டு நன்றி இல்லாமல் ஓடுகிறார்கள் என்ற வசனத்தை ஃபேஸ்புக்கில் போதுமான அளவு வாசிச்சாச்சு. என்னை உறுத்தினது வேறு ஒன்று. வார்டில் இருந்த எல்லாருக்கும் ஒரு வருஷத்துக்கு முதலே தெரிந்த ஒரு விஷயம், ஒரு ஆயத்தமும் இல்லாமல் எப்படி அம்மா இருந்த வாங்கு வரைக்கும் வந்து சேர்ந்தது?

இந்தக் கேள்விக்குக் கணினி ஆட்களிடம் ஒரு பதில் இருக்கிறது. கூகிள் தேடல்களை எடுத்துப் பார், யார் போகப் போகினம் என்று முன்கூட்டியே தெரியும் என்கிறார்கள். நானும் கொஞ்ச நாளாக இதையே வாசிச்சுக்கொண்டு திரிகிறேன். ஓரளவு உண்மைதான். ஆனால் அந்தப் பதிலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அந்த ஓட்டை சரியாக எங்கட பக்கத்தில்தான் விழுகிறது.

தேடலில் இருந்து விமானம் வரைக்கும்

ஒரு டொக்டர் ஒரு நாள் விடிய எழும்பிப் பிளேனில் ஏறுவதில்லை. இங்கிலாந்துப் பாதையையே பாருங்கள். முதலில் ஐயெல்ட்ஸ் அல்லது ஓஈரி, அதாவது ஆங்கில மொழிச் சோதனை. பிறகு பிளாப் முதலாம் பகுதி. அதைக் கொழும்பில் எழுதலாம், ஆனால் வருஷத்தில் சில தடவைகள் மட்டும்தான் வைப்பார்கள். இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டர் போக வேணும். பட்டச் சான்றிதழ்களைச் சரிபார்க்க வேணும். இலங்கை மருத்துவச் சபையிடம் நன்னிலைச் சான்றிதழ் எடுக்க வேணும். பிறகு பிரித்தானியப் பொது மருத்துவச் சபையில் பதிவு, வேலை தேடல், விசா. அவுஸ்திரேலியாவுக்கு ஏ.எம்.சி. என்று இன்னொரு ஏணி. தாதியருக்கு வேறு சோதனைகள், வளைகுடா நாடுகளுக்கு வேறு.

இந்த ஏணி முழுக்க ஏறி முடிய ஒரு வருஷமாவது எடுக்கும், கனபேருக்கு இரண்டு. ஒவ்வொரு படியிலும் மனுசன் கூகிளில் எதையாவது தேடுவான்: சோதனைக்கு எவ்வளவு காசு, அடுத்த திகதி எப்ப, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா, சம்பளம் எவ்வளவு. அந்தத் தேடல்களின் ஏற்ற இறக்கத்தைக் கூகிள் ட்ரெண்ட்ஸ் என்ற தளத்தில் 2004இல் இருந்து யாரும் பார்க்கலாம். ஆகவே 'பிளாப்' என்ற சொல்லுக்கான தேடல் இந்த வருஷம் ஏறினால், அடுத்த வருஷம் ஆட்கள் குறைவார்கள் என்று எதிர்பார்க்கலாம். இதுதான் அடிப்படை யோசனை.

இது வெறும் ஊகமும் இல்லை. 2015, 2016 காலத்தில் துருக்கியில் இருந்து கடல் கடந்து கிரேக்கத்துக்குப் போன அகதிகளின் விஷயத்தில், துருக்கியில் அரபு மொழியில் 'கிரேக்கம்' என்று தேடினதன் ஏற்ற இறக்கம் கடல் கடந்தவர்களின் எண்ணிக்கையோடு ஒத்துப்போனதைப் பியூ ஆய்வு மையம் 2017இல் காட்டியது. 2020இல் போமே, குரோகர், ஸ்டோர் என்ற மூன்று பொருளியலாளர்கள், புறப்படுகிற நாடுகளில் நடக்கிற தேடல்களைச் சேர்த்தால் சர்வதேசக் குடிப்பெயர்வுக் கணிப்பு மேம்படுகிறது என்று ஒரு ஆய்வுக் கட்டுரையில் நிறுவினார்கள். குடிப்பெயர்வுப் புள்ளிவிபரங்கள் எப்பவும் இரண்டு மூன்று வருஷம் பிந்தித்தான் வரும். தேடல் தரவு இண்டைக்கே வரும். அதுதான் அதன் பலம்.

இலங்கைக்கு இது தேவையா என்றால், தேவை. 2022 ஏப்ரலில் நாடு கடன் கட்ட ஏலாது என்று அறிவித்தது. ரூபா இரண்டு மூன்று மாதத்துக்குள் ஏறத்தாழப் பாதிப் பெறுமதிக்கு விழுந்தது. அந்த ஒரே வருஷத்தில் 9 இலட்சத்துக்கு மேல் கடவுச்சீட்டுகள் கொடுபட்டன, 3 இலட்சத்துக்கு மேல் ஆட்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். 2023 ஜனவரியில் வருமான வரி 36 வீதம் வரைக்கும் ஏறியது, டொக்டர்மார் வீதிக்கு வந்தார்கள். அதே ஏப்ரலில், அநுராதபுரம் போதனா வைத்தியசாலையில் சிறுவர் விடுதி ஒன்று டொக்டர்கள் வெளிநாடு போனதால் மூடப்பட்டதாகச் செய்தி வந்தபோதுதான் தென்னிலங்கை திடுக்கிட்டது. இவ்வளவும் நடக்கும்போது யாராவது ஒருவர் தேடல் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால், நல்லதுதானே?

காய்ச்சலைக் கணிக்கப் போன கதை

இந்தப் பாதையில் கூகிளே ஒருக்கால் விழுந்து எழும்பினது. 2008இல் 'கூகிள் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ்' தொடங்கினார்கள். சனம் காய்ச்சல், தடிமன் பற்றித் தேடுவதை வைத்து அமெரிக்காவில் இன்புளுவென்சா எவ்வளவு பரவியிருக்கிறது என்று அரசாங்கத்துக்கு முதலே சொல்வது திட்டம். 2009இல் நேச்சர் ஆய்விதழில் பெரிதாக வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

அதே வருஷம் பன்றிக் காய்ச்சலின் முதல் அலையை அது தவறவிட்டது. 2012 - 2013 பருவத்தில் மறுபக்கம் போய், உண்மையான அளவைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு காட்டியது. 2015இல் கடையை மூடினார்கள். டேவிட் லேசரும் கூட்டாளிகளும் 2014இல் சயன்ஸ் ஆய்விதழில் இதைப் பிரிச்சுக் காட்டினார்கள். கோடிக்கணக்கான தேடல் சொற்களுக்குள் காய்ச்சல் வரைபடத்தோடு ஒத்துப்போகிற சொற்களைத் தேடினால், காய்ச்சலோடு ஒரு சம்பந்தமும் இல்லாத சொற்களும் அகப்படும். அமெரிக்காவில் பள்ளிக்கூடக் கூடைப்பந்துப் பருவம் குளிர்காலத்தில், காய்ச்சலும் குளிர்காலத்தில். ஆகவே கூடைப்பந்துத் தேடலும் காய்ச்சலைக் 'கணிக்கும்'. அதோடு, செய்தியில் காய்ச்சல் பற்றிக் கதைச்சால் காய்ச்சல் இல்லாதவனும் தேடுவான்.

இந்தக் கதையில் இருந்து எடுக்க வேண்டிய பாடம், தேடல் தரவு குப்பை என்பதில்லை. பழைய முறைத் தரவோடு சேர்த்துப் பார்த்தால் அது உதவும், அதுக்குப் பதிலாக வைத்தால் கவிழ்க்கும். லேசர் குழுவினர் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்.

எங்கட நாட்டில் வைத்துப் பார்த்தால்

நான் ஒரு பின்னேரம் முழுக்கக் கூகிள் ட்ரெண்ட்ஸில் கிண்டிப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள், காசு இல்லை. பார்க்கும்போது நாலைந்து விஷயம் மனதில் இருக்கட்டும்.

ஒன்று, அது எத்தனை பேர் தேடினார்கள் என்று சொல்லாது. பூச்சியத்தில் இருந்து நூறு வரைக்கும் ஒரு சுட்டெண்தான் தரும். அந்த இடத்தில், அந்த நேரத்தில் நடந்த மொத்தத் தேடல்களில் இந்தச் சொல்லின் பங்கு எவ்வளவு என்பதுதான் அந்த எண். ஆகவே மொத்தம் மாறினாலும் எண் மாறும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. அப்போது சனம் மொத்தமாகவே குறைவாகவும், வேறு விதமாகவும் தேடியிருக்கும். அந்தக் காலத்து வரைபடத்தை அப்படியே நம்ப முடியாது.

இரண்டு, அந்த ஏப்ரல் 3ஆம் திகதி அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கினது ஞாபகம் இருக்குமே? எல்லாரும் வி.பி.என். போட்டோம். வி.பி.என். போட்டால் கூகிளுக்கு நீங்கள் சிங்கப்பூரிலோ நெதர்லாந்திலோ இருக்கிறீர்கள். சனம் போகிற யோசனையில் அதிகமாக இருந்த நாட்களிலேயே அதன் ஒரு பகுதி இலங்கைக் கணக்கில் இருந்து காணாமல் போயிருக்கலாம்.

மூன்று, சொற்கள். ஏ.எம்.சி. என்றால் டொக்டருக்கு அவுஸ்திரேலிய மருத்துவச் சபை. உலகத்துக்கு அது ஒரு அமெரிக்கத் தியேட்டர் கம்பெனி. 2021இல் அந்தக் கம்பெனியின் பங்கு விலை ரொக்கெட் மாதிரி ஏறினபோது உலகமே அதைத் தேடினது. அதைப் பார்த்து ஒரு கணினி மாதிரி, இலங்கை டொக்டர்கள் சிட்னிக்கு மூட்டை கட்டுகிறார்கள் என்று சொல்லியிருக்கும். ஐயெல்ட்ஸ் என்ற சொல்லோ ஏ.எல். முடிச்ச பிள்ளையில் இருந்து கணக்காளர் வரைக்கும் எல்லாரும் தேடுகிற சொல்.

நான்கு, எண்ணிக்கை. சுமார் 2.2 கோடிச் சனத்துக்கு 20,000 அளவில் டொக்டர்கள். ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை. கூகிள் எல்லாத் தேடல்களையும் எண்ணுவதில்லை, ஒரு மாதிரியைத்தான் எடுக்கிறது. தேடல் குறைவாக இருந்தால் பூச்சியம் என்று போட்டுவிடும். 'பிளாப்' என்று போட்டு வட மாகாணத்தை மட்டும் பார்த்தால் என்ன கிடைக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். அந்தப் பூச்சியத்துக்கு, இங்கே ஒருவரும் போக நினைக்கவில்லை என்று அர்த்தமில்லை. எங்கட எண்ணிக்கை கூகிளின் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னது, அவ்வளவுதான்.

ஐந்தாவதை எந்த ஆய்வுக் கட்டுரையிலும் நான் காணவில்லை, ஆனால் எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. தமிழ் டொக்டர்களில் எத்தனை பேர் கூகிளில் தேடுவார்கள்? லண்டனில் சித்தப்பா, ஸ்கார்பரோவில் மாமி, மெல்பேர்னில் பள்ளிக்கூடத்து அண்ணா. பிளாப் எழுதிப் போன சீனியரின் வாட்ஸ்அப் குறூப் இருக்கும்போது கூகிள் எதுக்கு? நாற்பது வருஷமாகப் போய்க்கொண்டு இருக்கிற சனம் நாங்கள். பாதை எங்கட தொலைபேசி இலக்கங்களுக்குள்ளேயே இருக்கு. ஆகவே தேடல் தரவை வைத்து நாட்டைப் பார்த்தால், புதிதாகப் போக வெளிக்கிடுகிறவர்கள்தான் கூடத் தெரிவார்கள். ஏற்கெனவே உறவு வலை உள்ளவர்கள் சத்தமில்லாமல் போவார்கள். இதோடு இப்ப டெலிகிராமும் சட்ஜிபிடியும் சேர்ந்தாச்சு. கேள்விகள் கூகிளை விட்டுப் போய்க்கொண்டு இருக்கின்றன.

கதவும் மாறுகிறது. 2022இல் பிளாப் பாஸ் பண்ணினவனுக்குக் கொஞ்ச நாளில் வேலை கிடைச்சது. 2024 அளவில் பாஸ் பண்ணிப்போட்டு, நூற்றுக்கணக்கான விண்ணப்பம் போட்டும் வேலை கிடைக்காமல் காத்திருக்கிறவர்கள் கனபேர். தேடல் அதே அளவு, ஏன் அதைவிடக் கூடவும் இருக்கலாம். ஆனால் போகிறவர்கள் குறைவு. 2022ஐ வைத்துப் படிப்பிச்ச கணினி மாதிரி 2025இல் பிழையாகத்தான் சொல்லும்.

பெரிய ஓட்டை

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் நுட்பப் பிரச்சினைகள். கெட்டிக்காரர்கள் இருந்து யோசிச்சால் பாதியைச் சரிப்படுத்தலாம். நான் ஓட்டை என்று சொன்னது இதையில்லை.

இலங்கையில் அரச டொக்டர்களுக்கு வருடாந்த இடமாற்ற முறை இருக்கிறது. புதிதாக நியமனம் கிடைக்கிறவர்கள் பெரும்பாலும் தூர இடங்களுக்கு வருவார்கள். விசேட வைத்திய நிபுணர்களும் அப்படித்தான். கொஞ்ச வருஷம் இருந்து புள்ளி சேர்த்து, கொழும்பு, கண்டி, காலி என்று நடுப்பக்கம் நகர்வார்கள். நடுவில் ஒரு இடம் வெறுமையானால், அதை நிரப்ப ஓரத்தில் இருந்து ஒருவர் போவார். அவருடைய இடத்துக்கு இன்னும் ஓரத்தில் இருந்து ஒருவர்.

இப்ப யோசிச்சுப் பாருங்கள். கொழும்பில் ஒரு மயக்கமருந்து நிபுணர் இரவு பதினொரு மணிக்கு அவுஸ்திரேலியா பற்றித் தேடுகிறார். அடுத்த வருஷம் போகிறார். அவருடைய இடத்துக்குக் குருநாகலில் இருந்து ஒருவர் வருகிறார். குருநாகலுக்கு வவுனியாவில் இருந்து ஒருவர். வவுனியாவுக்கு ஆள் வேணும் என்று பார்த்தால் முல்லைத்தீவில் இருக்கிற ஒரே ஒருவர்தான் மிச்சம். முல்லைத்தீவுக்கு வர ஒருவரும் இல்லை. ஊர்ப் பெயர்கள் உதாரணத்துக்குத்தான், சங்கிலி உண்மை.

தேடல் கொழும்பில் நடந்தது, கொழும்பில் ஒரு நாளும் சத்திரசிகிச்சை நிற்கவில்லை. முல்லைத்தீவில் ஒருவரும் ஒன்றும் தேடவில்லை, அங்கே தியேட்டர் பூட்டு. கூகிள் வரைபடத்தில் கொழும்பு சிவப்பாக இருக்கும், முல்லைத்தீவு வெள்ளையாக இருக்கும். அந்த வரைபடத்தைப் பார்த்து ஒரு அதிகாரி எங்கே உதவி அனுப்புவார்? சிவப்பாக இருக்கிற இடத்துக்குத்தான்.

'நாட்டில் 5 வீதம் டொக்டர்கள் குறைவார்கள்' என்ற மாதிரி ஒரு கணிப்பு வருகிறது என்று வைப்பம். கொழும்பில் 5 வீதம் என்றால் ரோஸ்டர் கொஞ்சம் இறுகும். ஒரே ஒரு நிபுணர் இருக்கிற மாவட்டத்தில் 5 வீதம் என்று ஒன்று இல்லை. அங்கே ஒன்றில் ஆள் இருக்கிறார், இல்லாட்டி இல்லை. வன்னியில் இருந்து ஒரு நோயாளியை, வட மாகாணத்தின் ஒரே போதனா வைத்தியசாலை இருக்கிற யாழ்ப்பாணத்துக்கு அம்புலன்ஸில் ஏத்திக்கொண்டு போகிறவர்களுக்கு இது விளங்கும். சராசரி அவர்களுக்கு ஒரு உதவியும் செய்யாது.

இதே சராசரிப் பிரச்சினை உலக மட்டத்திலும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட பட்டியலில், சுகாதாரப் பணியாளர்கள் மிகக் குறைவாக உள்ள நாடுகள் என்று 55 நாடுகள் இருக்கின்றன. அந்த நாடுகளுக்குப் போய்ப் பணக்கார நாடுகள் ஆள் பிடிக்கக் கூடாது என்பது எதிர்பார்ப்பு. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. எங்கட நாட்டுச் சராசரி அவ்வளவு மோசமில்லை. ஆனால் அந்தச் சராசரிக்குள் கொழும்பும் இருக்கிறது, மாங்குளமும் இருக்கிறது.

யாருடைய கையில்

சரி, கணிப்பு சரியாக வந்தது என்றே வைப்பம். அதை வைத்து என்ன செய்வார்கள்?

எனக்குப் பயம் இங்கேதான். 'இத்தனை பேர் போகப் போகினம்' என்று ஒரு அறிக்கை மேசைக்கு வந்தால், முதலில் வருகிற யோசனை கதவைப் பூட்டுவது: பிணைப் பணத்தை ஏற்று, சான்றிதழைத் தாமதப்படுத்து, லீவை நிறுத்து. கதவு பூட்டப் போகுது என்று மணந்தால், போகலாமா விடலாமா என்று யோசிச்சுக்கொண்டு இருந்தவனும் ஓடுவான். கணிப்பே வெளியேற்றத்தை உண்டாக்கும். இன்னொரு பக்கம், டொலர் தேவைப்பட்ட 2022இல், அரச ஊழியர்கள் 5 வருஷம் வரைக்கும் சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை விட்டதும் இதே அரசுதான். ஒரு கையால் வழியனுப்பி, மற்றக் கையால் கண்ணீர் துடைக்கிறது.

தேடல் தரவு மொத்தமாக இருக்கும்வரை பிரச்சினை குறைவு. ஆனால் ஆஸ்பத்திரி வை-ஃபையில் யார் எதைத் தேடுகிறார்கள் என்று பார்ப்பதற்கு அதில் இருந்து கனதூரம் இல்லை. ஆளுக்குரிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியும், நடைமுறைக்கு வருவது பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போனது. நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ 2024 ஜனவரியில் நிறைவேறி, அடுத்த மாதமே அமுலுக்கு வந்தது. எது அவசரம் என்று அரசு நினைக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். வடக்கு கிழக்கில் வளர்ந்த எங்களுக்கு, 'நன்மைக்காகத்தான் கணக்கெடுக்கிறம்' என்ற வசனம் புதிதில்லை.

தேடல் என்றால் கேள்வி

என்னைக் கேட்டால், ஒரு தேடலை வெளியேற்றம் என்று எண்ணக் கூடாது. அது ஒரு கேள்வி. 'அங்கே சம்பளம் எவ்வளவு' என்று கேட்கிறவர், இங்கே காணாது என்கிறார். 'பிள்ளைக்கு அங்கே பள்ளிக்கூடம் எப்படி' என்று கேட்கிறவர், தான் வேலை செய்கிற ஊரில் பிள்ளையைப் படிப்பிக்க வழியில்லை என்கிறார். தேடலுக்கும் விமானத்துக்கும் இடையில் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ இருக்கிறது. அந்தக் காலத்தில் அரசு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லலாம். தேடல் தரவின் உண்மையான பெறுமதி அந்த அவகாசம்தான்.

பதில் என்றால் காசு மட்டும் இல்லை. 2024 ஜனவரியில் டொக்டர்களின் கொடுப்பனவு ஒன்றை 35,000 ரூபாவில் இருந்து 70,000 ஆக்கினார்கள். உடனே மற்றச் சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. நியாயம்தானே? ஆஸ்பத்திரி டொக்டரால் மட்டும் ஓடுவதில்லை. தாதியும் ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளரும் கதிரியக்கக்காரரும் இதே கூகிளில்தான் தேடுகிறார்கள். அவர்களைப் பற்றி ஒருவரும் கணிப்புச் செய்வதில்லை, போன பிறகு தலையங்கமும் வருவதில்லை. தூர இடத்தில் வேலை செய்கிறவருக்கு இருக்கத்தக்க ஒரு விடுதி, ஒழுங்கான ரோஸ்டர், 'இத்தனை வருஷத்தில் உனக்கு மாற்றம் கட்டாயம்' என்று நம்பக்கூடிய ஒரு சொல். கனபேர் கேட்பது இதுதான்.

இன்னொன்று. தேடலைவிடப் பலமான தரவுகள் ஏற்கெனவே எங்கட நாட்டுக் கோப்புகளுக்குள் கிடக்கின்றன. மாதம் எத்தனை நன்னிலைச் சான்றிதழ் கொடுபட்டது, எத்தனை பேர் சம்பளமில்லாத லீவு கேட்டார்கள், பட்டப்பின் பயிற்சிக்கு வெளிநாடு போனவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை, எந்த மாவட்டத்தில் எந்தத் துறையில் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, வெற்றிடம் எத்தனை. நன்னிலைச் சான்றிதழ் கேட்கிறவர் சும்மா இணையத்தில் மேய்கிறவர் இல்லை, அவர் பாதி ஏணி ஏறியாச்சு. பிரித்தானியாவில் எந்த நாட்டில் படிச்ச டொக்டர்கள், தாதியர்கள் எத்தனை பேர் பதிவாகியிருக்கிறார்கள் என்பதை அந்த நாட்டுச் சபைகளே பகிரங்கமாக வெளியிடுகின்றன. லண்டனில் இருந்து பார்க்கலாம், கொழும்பில் இருந்து பார்க்க ஏலாது என்றால் அது தொழினுட்பப் பிரச்சினை இல்லை.

இந்தத் தரவுகளோடு இடமாற்றச் சங்கிலியையும் சேர்த்துப் போட்டால்தான், கொழும்பில் ஒருவர் போனால் கடைசி வெற்றிடம் எங்கே விழும் என்று தெரியும். அதுக்கு மேலே வேணுமென்றால் கூகிளை ஒரு முன்னறிவிப்பு மணியாகக் கட்டலாம். மணி அடிச்சால் கோப்பைத் திறந்து பார்க்க வேணும். மணியையே கோப்பாக்கக் கூடாது. அதைச் செய்கிறவர்கள் பல்கலைக்கழக மருத்துவ பீடங்களின் சமுதாய மருத்துவத் துறைகளாக இருக்கட்டும், முடிவுகள் எல்லாருக்கும் தெரியும்படி வெளிவரட்டும். தனி ஆளின் தேடலில் ஒருவரும் கை வைக்கக் கூடாது.

அதுவரைக்கும் நாங்கள் சும்மா இருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் எங்களுக்கும் சேர்த்துத்தான். உங்கட மாவட்ட வைத்தியசாலையில் எந்தெந்தத் துறைக்கு எத்தனை பேர் இருக்க வேணும், இப்ப எத்தனை பேர் இருக்கினம், வெற்றிடம் எப்ப இருந்து என்று தமிழில் ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேணும். ஒரு மாவட்டத்துக்கு ஒருவர் கேட்டாலே, எந்தக் கணினி மாதிரியையும்விட உருப்படியான ஒரு வரைபடம் எங்கட கையில் வரும். நான் எங்கட மாவட்டத்துக்குக் கடிதம் எழுதியாச்சு. அம்மாவின் அடுத்த கிளினிக் திகதி இன்னும் வரவில்லை.